வேருக்கும் வேண்டும் காற்று

துளசிச் செடி வாடுவது ஓர் இல்லத்தில் சாதாரண நிகழ்ச்சி அன்று. ரோஜா வாடினால் வருத்தம் உண்டாகும். துளசி வாடினாலோ அச்சம் உண்டாகும். வீட்டில் என்ன குறை நேர்ந்ததோ, யாருக்கு என்ன வரப்போகிறதோ என்று மூத்தோர் மனம் பதறும். அதன் பிறகு ஒரு விரல் யாரையேனும் நோக்கி நீளும். பெரும்பாலும் அது மருமகளை நோக்கியே நீளும். "நேற்றுக்கூடத் தண்ணீர் விட்டேனே, அத்தை" என்று அவள் சொல்லும் சமாதானம் எடுபடுவதில்லை. தீட்டு, திருஷ்டி, கவனக்குறைவு எனக் காரணங்கள் பல பேசப்படும்; பரிகாரமும் விசாரிக்கப்படும். வாடிய செடியின் தொட்டியைக் கவிழ்த்து வேரை எடுத்துப் பார்ப்பவர் மட்டும் அரிது.

அப்படிப் பார்த்தால் பல வேளைகளில் உண்மை அங்கேயே கிடைத்துவிடும். தொட்டியின் வடிவத்தை அச்செடுத்தாற்போல வேர்கள் ஒரு கூடாகப் பின்னிக் கிடக்கும். பக்கச் சுவரை ஒட்டியும் அடித்தட்டை ஒட்டியும் கயிறு சுற்றியதுபோல வளையம் வளையமாக ஓடியிருக்கும். நடுவில் உள்ள மண்ணில் வேரே சொற்பமாக இருக்கும். அந்தச் செடி தெய்வக் குற்றத்தால் வாடவில்லை. மருமகளின் குற்றத்தாலும் வாடவில்லை. தனக்கு வாய்த்த வீட்டின் சுவரில் முட்டி, போக வழியின்றிச் சுற்றியே களைத்துப் போயிருக்கிறது.

துளசி வாட வேறு காரணங்களும் உண்டு. வெயில் படாத மூலை, அடியில் தேங்கும் நீர், பூச்சித் தொல்லை, முதுமை ஆகிய யாவும் காரணம் ஆகலாம். ஆயினும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தொட்டிச் செடிகள் ஓரிரு ஆண்டுகளில் காரணம் தெரியாமல் தளர்வதற்கு வேர் சுற்றிக்கொள்வது ஒரு முக்கியக் காரணம். அதைத் தடுக்கும் வழி எளியது. செலவும் அதிகம் இல்லை.

சுவரை முட்டிய வேர்

வேர் நுனியின் இயல்பு முன்னே செல்வது. மண்ணில் ஈரத்தையும் இடத்தையும் தேடி அது நீண்டுகொண்டே போகும். பழைய வீட்டு முற்றத்துத் துளசி மாடத்தின் அடி, கீழேயுள்ள மண்ணோடு சேர்ந்திருந்தால் வேருக்குத் தடை இல்லை. மாடத்துக்குள் புறப்பட்ட வேர் பூமிக்குள் இறங்கி, தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது.

இன்று மாடம் பால்கனிக்கு வந்துவிட்டது. பிளாஸ்டிக், சிமெண்ட், பீங்கான் என எதனால் செய்ததாயினும் தொட்டியின் உட்சுவர் வழவழப்பாக இருக்கிறது. முன்னேறி வந்த வேர் நுனி அந்தச் சுவரைத் தொட்டதும் நிற்பதில்லை. திரும்பி வருவதும் இல்லை. சுவரை ஒட்டியே பக்கவாட்டில் ஓடுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று. நுனி ஓடிக்கொண்டே இருக்கும்வரை பின்னால் கிளை வேர்கள் பிறப்பது குறைவு. அடியை அடைந்த பின்னும் அதே கதைதான். நீரையும் சத்தையும் பெரும்பாலும் உறிஞ்சுவது நுனியை அடுத்துள்ள மெல்லிய இளம் பகுதியும் அதில் உள்ள வேர்த்தூவிகளும் ஆகும். நீண்டு தடித்த வேரின் பழைய பகுதி கடத்திச் செல்லும் குழாய்போல ஆகிவிடுகிறது. ஆகவே வேர் நிறைய இருப்பதுபோலத் தோன்றினாலும், உண்ணும் வாய்கள் சிலவே.

மண் தொட்டி இவ்விஷயத்தில் சற்றே மேல். அதன் சுவரில் நுண்ணிய துளைகள் இருப்பதால் நீர் கசிந்து ஆவியாகி மண் குளிர்ச்சியாக இருக்கும். ஓரளவு காற்றும் புகும். ஆனால் அதிலும் வேர் சுற்றத்தான் செய்யும்.

ஆலயத்தைச் சுற்றி வருவது பிரதட்சிணம். அதற்கு நடுவில் சந்நிதி உண்டு. சுற்றி முடித்தபின் வணங்கி நிற்கும் இடமும் உண்டு. தொட்டிக்குள் வேர் சுற்றுவது அப்படிப்பட்டதன்று. நாளாக ஆகத் தடித்து, தன் செடியின் கழுத்தையே இறுக்கும் சுற்று அது.

காற்று செய்யும் கத்தரிப்பு

இதற்கு மாற்றாக வந்தவையே சுவரெங்கும் காற்றுப் புகும் தொட்டிகள். நாற்றங்கால்காரர்கள் இவற்றை 'ஏர் புரூனிங்' தொட்டிகள் என்று குறிப்பிடுகிறார்கள். காற்றினால் வேரைக் கத்தரிப்பது என்று பொருள். கத்தரிக்கோல் எதுவும் இல்லை. கை படுவதும் இல்லை.

நடப்பது இதுதான். வேர் நுனி மண்ணின் ஈரத்துக்குள் நீண்டு வந்து சுவரில் உள்ள துளையை அடைகிறது. அங்கே மண் முடிந்து உலர்ந்த காற்று தொடங்குகிறது. மென்மையான நுனி அந்தக் காற்றில் ஈரம் இழந்து உலர்ந்து நின்றுவிடுகிறது. முன்னே போகும் நுனி நின்றதும், அதற்குப் பின்னால் மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் புதிய கிளை வேர்கள் பிறக்கின்றன. அவையும் வளர்ந்து சுவரை அடைந்து, நுனி உலர்ந்து, மேலும் கிளைக்கின்றன. சில மாதங்களில் தொட்டியின் மண் முழுவதும் மெல்லிய வேர்கள் நெருக்கமாக நிறைந்துவிடும். வளையம் போடும் ஒற்றைக் கயிறு இருந்த இடத்தில், மண்ணின் ஒவ்வொரு மூலையிலும் உண்ணும் வாய்கள் உண்டாகின்றன.

துளசி வளர்ப்போருக்கு இந்த நியாயம் புதிதன்று. மஞ்சரி எனப்படும் பூங்கதிர் தோன்றியதும் அதைக் கிள்ளி இறைவனுக்குச் சாத்துகிறோம். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு கொழுந்துகள் கிளம்பிச் செடி பக்கவாட்டில் தழைக்கிறது. கிள்ளாமல் விட்டால் செடி ஒல்லியாக நீண்டு, பூத்து, விதைத்து, விரைவில் முதிர்ந்துவிடுகிறது. மண்ணுக்கு மேலே நம் விரல் செய்வதை மண்ணுக்குக் கீழே காற்று செய்கிறது.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் கார்ல் விட்கோம்ப், அடிப்பகுதி நீக்கிய பால் அட்டைப் பெட்டிகளில் மரக்கன்றுகளை வளர்த்து, அவற்றைக் கம்பி வலைத் தட்டின்மேல் நிறுத்தி வைத்தார். கீழே இறங்கிய ஆணிவேரின் நுனி வலைக்குக் கீழே காற்றைச் சந்தித்து உலர்ந்தது. மேலே கிளை வேர்கள் பெருகின. பின்னர் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆராய்ச்சியை அவர் தொடர்ந்தார். பக்கச் சுவரிலும் துளைகள் உள்ள தொட்டிகள் பிற்பாடு உருவாயின.

நம் நாட்டிலும் இது கண்ணுக்குத் தெரியாமல் புழக்கத்தில் இருக்கிறது. வனத்துறை நாற்றங்கால்களில் 'ரூட் டிரெய்னர்' எனப்படும் கூம்பு வடிவக் குழல்களை வரிசையாகத் தட்டில் மாட்டித் தரைக்கு மேலே நிறுத்தியிருப்பதைக் காணலாம். உட்புறத்தில் மேலிருந்து கீழாக ஓடும் வரம்புகள் வேரைச் சுற்றவிடாமல் நேராகக் கீழே அனுப்பும். அடித்துளையில் காற்று அதன் நுனியை நிறுத்தும். காய்கறி நாற்று விடும் குழித்தட்டுகளைத் தரையில் வைக்காமல் மேடை கட்டி உயர்த்தி வைப்பதிலும் இந்தப் பயன் உண்டு.

நந்தவனத்துக்குப் போகும் கன்று

வீட்டுத் துளசியோடு இந்த விஷயம் முடிவதில்லை. திருக்கோயில் நந்தவனத்துக்குக் கன்று வழங்குவது நம்மவர்களுக்குப் பிடித்தமான கைங்கர்யம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து மாலை கட்டிச் சாத்திய பெருமையும், அந்தத் துளசிப் பாத்தியின் அருகே ஆண்டாள் கண்டெடுக்கப்பட்ட வரலாறும் நாம் அறிந்தவை. திருமலையில் நந்தவனம் அமைக்க உடையவரின் ஆணையை ஏற்றுப் புறப்பட்டவர் அனந்தாழ்வான். திருப்புகலூரில் முருக நாயனார் வேளைக்கேற்ற மலர் பறித்து மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். செடியைப் பேணுவதே வழிபாடு எனக் கொண்ட மரபு நம்முடையது.

அம்மரபின் தொடர்ச்சியாகவே சஷ்டியப்த பூர்த்தி, சதாபிஷேகம், பேரக் குழந்தையின் ஆண்டு நிறைவு ஆகிய தினங்களில் கன்று நடுகிறார்கள். அவரவர் நட்சத்திரத்துக்குரிய மரத்தை நடுவோரும் உண்டு. ரோகிணிக்கு நாவல், பூசத்துக்கு அரசு, ஆயில்யத்துக்குப் புன்னை, சித்திரைக்கு வில்வம், அனுஷத்துக்கு மகிழம் என்று வழங்கிவருகிறது. தலவிருட்சத்தின் இனத்திலேயே புதிய கன்று வைத்து வளர்க்கும் கோயில்களும் உண்டு. மயிலையில் புன்னை, திருவண்ணாமலையில் மகிழம், விருத்தாசலத்தில் வன்னி, திருவானைக்காவில் வெண்ணாவல் என ஒவ்வொரு தலத்துக்கும் உரிய மரம் ஒன்று உண்டு.

அப்படி வாங்கும் கன்று நர்சரியில் கறுப்புப் பாலிதீன் பையில் எத்தனை காலம் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. உயரமாக, இலை பளபளப்பாக இருந்தால் போதும் என்று வாங்குகிறோம். சிறிய பையில் ஓராண்டுக்கு மேல் நின்ற உயரமான கன்றின் ஆணிவேர் பையின் அடியில் முட்டி வளைந்து, சுருளாகிக் கிடப்பதற்கு வாய்ப்பு அதிகம். வன்னி, வில்வம் போன்றவை ஆணிவேரை ஆழமாக இறக்கும் மரங்கள். அவற்றுக்கு இந்தச் சுருள் பெரிய இடையூறு. நட்ட ஓரிரு ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஊற்றும்வரை தழைக்கும். பிறகு தண்டும் வேரும் தடிக்கத் தடிக்க, சுருண்ட வேர் அடிமரத்தை இறுக்கும், நீரோட்டம் குறையும். நாலாபுறமும் வேரூன்றாத மரம் காற்றுக்கு ஈடு கொடுக்காது. ஐப்பசி, கார்த்திகையின் பெருங்காற்றில் சாய்ந்துவிடக்கூடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்கள். வேரின் கணக்கு அதற்கு நேர் எதிர். ஐந்தில் வளைந்தது ஐம்பதில் நிமிராது.

தாத்தாவின் பெயரில் நட்ட மரம் பேரன் வளர்ந்து தலையெடுக்கும் நாளில் நிழல் தர வேண்டும் என்பதே நடுபவரின் எண்ணம். அந்த எண்ணம் நிறைவேறுவது இலையின் பளபளப்பில் இல்லை.

எந்தத் தொட்டியை வாங்குவது

கடைகளில் இரு வகை கிடைக்கின்றன. ஒன்று, சுவர் முழுவதும் சிறு கூம்புகளும் துளைகளும் கொண்ட பிளாஸ்டிக் தொட்டி. உட்புறம் தட்டையான இடமே இல்லாதபடி அமைத்திருப்பதால், வேர் எங்கு வந்தாலும் கூம்பு அதைத் துளையை நோக்கி அனுப்பிவிடும். மற்றொன்று, கம்பளி போன்ற தடித்த, நெய்யப்படாத துணியால் தைத்த பை. துணிச் சுவரை அடையும் வேர் நுனி அங்கேயே சிக்கி உலர்ந்து நிற்கும். விலை குறைவு, எடை குறைவு, மடித்து வைக்கலாம் என்பன இதன் வசதிகள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். 'குரோ பேக்' என்ற பெயரில் விற்கும் எல்லாப் பைகளும் இந்தப் பயனைத் தருவதில்லை. பச்சை நிறத்திலோ வெள்ளை நிறத்திலோ வரும் வழவழப்பான பிளாஸ்டிக் பையில், அடியில் சில துளைகள் மட்டுமே இருக்கும். நீர் வடிய அது போதும். வேரைக் கத்தரிக்கப் போதாது. சோதிப்பது எளிது. பையின் பக்கச் சுவரில் சிறிது நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். துணி முழுவதும் நனைந்து மறுபுறம் கசிந்தால் காற்றும் புகும். நீர் வழுக்கி ஓடினால் அது வேறொரு தொட்டிதான்.

செலவு செய்ய விரும்பாதவர்கள் வீட்டில் உள்ளதைக் கொண்டே செய்துகொள்ளலாம். காய்கறிக் கடையில் பழைய பிளாஸ்டிக் கிரேட் கிடைக்கும். அதன் உட்புறம் நிழல்வலையை இரண்டு மடிப்பாக விரித்து மண் நிரப்பினால் அருமையான தொட்டி ஆகிவிடும். சணல் சாக்கை விரிப்பதும் உண்டு. அது விரைவில் மக்கிவிடும். மூங்கில் கூடையில் தேங்காய் நாரை அடர்த்தியாகப் பதித்து மண் இடலாம். பழைய பிளாஸ்டிக் வாளி இருந்தால் அதன் பக்கங்களிலும் அடியிலும் இரண்டு அங்குல இடைவெளியில் துளையிட்டு உள்ளே வலை விரிக்கலாம். இரண்டு துளைகளுக்கு நடுவே வழவழப்பான சுவர் மிஞ்சுவதால் இதில் பயன் முழுமையாகக் கிடைக்காது. ஆயினும் மூடிய வாளியைவிட எவ்வளவோ மேல். துளையிடும் வேலையைத் தச்சரிடமோ வீட்டு இளைஞர்களிடமோ விடுவது நல்லது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் பிளாஸ்டிக்கில் குத்துவது கூடாது. அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு துளசிக்கு 10 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள தொட்டி போதும். அதில் ஏறத்தாழ 13 லிட்டர் மண் கொள்ளும். 12 அங்குலத் தொட்டி என்றால் 22 லிட்டருக்கு மேல் கொள்ளும். நனைந்த நிலையில் அதன் எடை 25 கிலோவையும் தாண்டக்கூடும். அறுபதைக் கடந்தவர்கள் அதைக் குனிந்து தூக்குவது முதுகுக்கு ஆகாது. தொட்டியை வைக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு மண் நிரப்புவது உத்தமம்.

மண்ணும் நீரும்

செம்மண், மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழுவுரம், கழுவிய தென்னை நார்க்கழிவு ஆகிய மூன்றையும் சம பங்காகக் கலந்துகொள்ளலாம். வெறும் களிமண் இதற்கு ஆகாது. காய்ந்தால் கட்டியாகி வெடிக்கும். நார்க்கழிவு ஈரத்தைத் தாங்கி வைப்பதுடன் எடையையும் குறைக்கும். முதல் சில நாள்கள் துளை வழியே சிறிது மண் கரைந்து வரும். பிறகு வேர் பிடித்ததும் நின்றுவிடும்.

தொட்டியைத் தரையில் அப்படியே வைத்துவிட்டால் பாதிப் பயன் போய்விடும். அடியிலும் காற்று ஓட வேண்டும். மூன்று செங்கற்களின்மேலோ இரும்பு வளையத்தின்மேலோ உயர்த்தி நிறுத்த வேண்டும். மேல் மாடியில் வசிப்போர் கீழ் வீட்டாரையும் நினைக்க வேண்டும். நீர் பக்கங்களிலும் கசியும் என்பதால் தொட்டியைவிட அகலமான தட்டு ஒன்றை அடியில் வைப்பது அவசியம். தட்டில் தேங்கும் நீர் தொட்டியின் அடியைத் தொடாதபடி நடுவே கல் இட வேண்டும். துளசிக்கு விட்ட தீர்த்தம் அண்டை வீட்டாரோடு மனத்தாங்கலுக்குக் காரணமாகக் கூடாது அல்லவா?

இந்தத் தொட்டிகளில் உள்ள பெரிய குறை ஒன்றையும் மறைக்கக் கூடாது. நாலாபுறமும் காற்று புகுவதால் மண் விரைவில் காய்கிறது. மார்கழி, தையில் நாளுக்கு ஒரு முறை நீர் போதுமானாலும் சித்திரை, வைகாசியில் காலையும் மாலையும் பார்க்க வேண்டியிருக்கும். யாத்திரை போகும் குடும்பங்கள் இதற்கு ஏற்பாடு செய்யாமல் கிளம்பக் கூடாது. பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வைப்பதோ, செடியை நிழலுக்கு மாற்றி மேல்மண்ணில் காய்ந்த இலைகளால் மூடாக்கு இடுவதோ உதவும். ஒரு முறை முற்றிலும் காய்ந்துவிட்டால் மண் சுருங்கிச் சுவரிலிருந்து விலகும். அதன்பின் ஊற்றும் நீர் இடைவெளி வழியே ஓடிவிடும், மண் நனையாது. அந்நிலையில் தொட்டியை அகன்ற பாத்திரத்தில் அரை மணி நேரம் நீரில் நிறுத்தி எடுக்க வேண்டும்.

மற்றொரு பக்கம், இதே இயல்பு துளசிக்கு ஒரு பாதுகாப்பும் ஆகிறது. காலையில் நீராடிய பின் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு சொம்பு நீரைத் துளசிக்கு விடுவது பல குடும்பங்களில் வழக்கம். ஐவர் உள்ள வீட்டில் ஐந்து சொம்பு. மூடிய தொட்டியில் அந்தப் பக்தியே வேரை அழுகச் செய்துவிடும். காற்றுப் புகும் தொட்டியில் மிகுதி நீர் வடிந்து போவதால் அந்த ஆபத்து குறைகிறது. ஆயினும் ஒருவர் சொம்பால் ஊற்ற, மற்றவர்கள் உத்தரணியால் விட்டு வணங்குவது செடிக்கு இன்னும் இதமானது. தெய்வம் அளவைப் பார்ப்பதில்லை.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள ஊர்களில் துணிப்பையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துவிடும். நீர் ஆவியானதும் மிஞ்சும் உப்பு அது. மாதம் ஒரு முறை நல்ல நீரை நிறைய ஊற்றி மண்ணை அலச வேண்டும். மழை பெய்யும்போது தொட்டியை மழையில் நனையவிடுவது மிக நல்லது. வெயிலில் நிற்கும் துணிப்பை சில ஆண்டுகளில் நைந்துபோகும். மாற்றவேண்டியதுதான்.

ஏற்கெனவே சுற்றிய வேருக்கு

புதிய தொட்டிக்கு மாற்றுவதனால் பழைய சுருள் தானாகப் பிரியாது. இதை மறந்து, வேர்க்கட்டியை அப்படியே தூக்கி நல்ல தொட்டியில் வைத்துவிட்டு ஏமாறுகிறார்கள். மாற்றும்போதே வேரைச் சரி செய்ய வேண்டும்.

முதல் நாள் நன்றாக நீர் விட்டு வைத்து, மறுநாள் மாலை செடியை மெல்லக் கழற்ற வேண்டும். வெளிப்புறம் பின்னிக் கிடக்கும் வேர்களை விரலால் பிரித்து நேராக்கலாம். பிரியாத அளவுக்கு இறுகியிருந்தால், கூரிய கத்தியால் வேர்க்கட்டியின் பக்கங்களில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கீறி, அடியில் உள்ள சுருளை வெட்டி நீக்க வேண்டும். இவ்வளவு வேரை இழந்த செடி பழைய இலைச் சுமையைத் தாங்காது. ஆகையால் மேலேயும் நுனிகளைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளிய துளசி பெருமாளுக்கு ஆகிவிடும். துவாதசியன்று துளசி பறிக்காத குடும்பங்கள் வேறு நாளைத் தேர்ந்துகொள்ளலாம். பின்பு ஒரு வார காலம் செடியை நிழலில் வைத்து, சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். கத்திரி வெயிலில் இந்த வேலையில் இறங்கக் கூடாது. கோடை தணிந்து ஆடியில் காற்றும் மழையும் வந்தபின் செய்வது உசிதம்.

இத்தனை செய்தும் ஒரு செடி பிழைக்காமல் போகலாம். துளசி ஆலமரம் அன்று. நன்றாகப் பேணினாலும் சில ஆண்டுகளில் தண்டு கட்டையாகி முதுமை அடையும். அதற்காக மனம் கலங்க வேண்டியதில்லை. உலர்ந்த மஞ்சரியை உள்ளங்கையில் தேய்த்து விதையை மண்ணின்மேல் தூவி வைத்தால் அடுத்த தலைமுறை தயார். வாடிய கட்டையை முறைப்படி மரத்தடியிலோ நீர்நிலையிலோ சேர்த்துவிட்டு, அதன் பிள்ளையை மாடத்தில் வைக்கலாம். அதில் அபசகுனம் எதுவும் இல்லை. வீட்டில் யாரையும் குறை சொல்லவும் இடம் இல்லை.

கோயிலுக்குக் கன்று வழங்க நினைப்போர் வாங்கும் இடத்திலேயே ஒன்று செய்யலாம். பையை மெல்லத் தளர்த்தி வேரைக் காட்டும்படி நர்சரிக்காரரிடம் கேட்க வேண்டும். நல்ல நர்சரிக்காரர் மறுக்க மாட்டார். அடியில் சுருள் தெரிந்தால், எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்தக் கன்று வேண்டாம். ஓரடி உயரமே ஆயினும் நேரான வேர் உள்ள இளங்கன்று போதும். ரூட் டிரெய்னரில் வளர்ந்தது கிடைத்தால் மேலும் நல்லது. அதையும் குழலில் நாள் கடத்தாமல் உடனே நட்டுவிட வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில் நட்டு, பையைக் கிழித்து முழுவதும் அப்புறப்படுத்தி, முதல் இரண்டு கோடைகளுக்கு நீர் ஊற்ற ஆள் ஏற்பாடு செய்துவிட்டால் கைங்கர்யம் பூர்த்தியாகும். நடுகின்ற நாளில் எடுக்கும் புகைப்படத்தில் கன்று சிறியதாகத் தெரியும். பரவாயில்லை. அந்த மரம் நின்று பூச்சொரியப் போவது பிறகு வரும் பக்தர்களுக்காக.